வாசகர் கேள்வி–பதில்: ஒழிக்கப்பட்டு மீண்ட ரட்லண்ட்

இங்கிலாந்தின் உள்ளாட்சிச் சீரமைப்பைப் பற்றி முன்பு இப்பகுதியில் எழுதியபோது, ரட்லண்ட் என்னும் கிராமப்புறக் கவுன்டி (கவுன்டி என்பது இங்கிலாந்தின் பழைய நிர்வாகப் பிரிவு) 1974-இல் ஒழிக்கப்பட்டு 1997-இல் மீண்டும் உயிர்பெற்றது என்று ஒரு வரி வந்தது. ஒழித்த ஒன்றை அரசு ஏன் திரும்பக் கொடுத்தது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றைத் தேர்ந்து, இம்முறை முழுப் பகுதியையும் ரட்லண்டுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கவுன்டி என்றால் எங்களுக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பட்டியலில் ரட்லண்ட் என்ற பெயரைக் கண்டதே இல்லையே? (திருநெல்வேலி வாசகர்)

முதல்தர கிரிக்கெட் ஆடும் 18 கவுன்டிகளில் ரட்லண்ட் கிடையாது. பக்கத்துக் கவுன்டியான லெஸ்டர்ஷயரின் அணிதான் ரட்லண்டுக்கும் அணி. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், சற்றுக் கிழக்கே தள்ளி, லெஸ்டர்ஷயர், லிங்கன்ஷயர், நார்தாம்ப்டன்ஷயர் ஆகிய மூன்றுக்கும் இடையில் அது இருக்கிறது. பரப்பு சுமார் 382 சதுர கிலோமீட்டர். எந்தப் பக்கம் கடந்தாலும் 30 கிலோமீட்டரைத் தாண்டாது. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 41,000. ஓகம், அப்பிங்கம் என இரண்டே நகரங்கள். மற்றவை எல்லாம் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய வீடுகள் நிறைந்த கிராமங்கள். 'சிறியதற்குள் பெரிதும் அடக்கம்' என்ற பொருள்தரும் இலத்தீன் வாசகத்தைத்தான் அந்தக் கவுன்டி தன் சின்னத்தில் பொறித்து வைத்திருக்கிறது.

கேள்வி: இவ்வளவு சிறிய நிலப்பகுதி முதலில் தனிக் கவுன்டியாக ஆனது எப்படி? (கும்பகோணம் வாசகர்)

அரசிகளின் சொத்தாக இருந்ததால் என்பதே பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம். நார்மன் படையெடுப்புக்கு முன், எட்வர்ட் மன்னர் தம் மனைவி எடித் அரசிக்கு ஒதுக்கிய நிலம் இது. இன்றும் அங்கே எடித் வெஸ்டன் என்ற கிராமம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1086-இல் இங்கிலாந்து முழுவதையும் அளந்து பதிந்த டூம்ஸ்டே ஏட்டில் ரட்லண்ட் இன்னும் முழுக் கவுன்டியாக இல்லை: வடபகுதியை நாட்டிங்கம்ஷயரோடும் தென்பகுதியை நார்தாம்ப்டன்ஷயரோடும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில்தான் அது தனிக் கவுன்டியாகத் தலைகாட்டத் தொடங்குகிறது. பின்னர் ஜான் மன்னரும் அதைத் தம் அரசி இசபெல்லாவுக்கு அளித்தார். அரச குடும்பத்தின் கையிலேயே தொடர்ந்து இருந்ததால், அக்கம்பக்கத்துப் பெரிய கவுன்டிகள் அதை விழுங்குவதற்கு வாய்ப்பு ஏற்படவில்லை எனலாம்.

கவுன்டியின் பழைய நிர்வாகம் எப்படி இருந்தது என்பதை அறிய ஓகம் கோட்டைக்குப் போனால் போதும். 'கோட்டை' என்ற பெயரை நம்பி மதிலும் கொத்தளமும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வால்கெலின் டி ஃபெரர்ஸ் என்ற பிரபு கட்டிய ஒரு பெரிய மண்டபம் மட்டுமே முழுமையாக எஞ்சியிருக்கிறது. நடுக்காலம் தொட்டு அந்த மண்டபமே கவுன்டியின் நீதிமன்றம். கைதியும் நீதிபதியும் சாட்சியும் பல நூற்றாண்டுகள் அங்கேதான் கூடினார்கள். சுவர் முழுக்க 200-க்கும் மேற்பட்ட குதிரை லாடங்கள் தொங்குகின்றன. ஓகம் எல்லைக்குள் முதன்முறையாக வரும் பிரபுக்களும் அரச குடும்பத்தினரும் அப்பகுதியின் நிலவுடைமைத் தலைவருக்கு ஒரு லாடம் கொடுத்தாக வேண்டும் என்பது பழைய வழக்கம். அவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது நான்காம் எட்வர்ட் மன்னர் 1470-இல், அருகிலுள்ள எம்பிங்கம் அருகே நடந்த போரில் வென்றபின் கொடுத்தது. இவற்றில் பல மிகப் பெரிதாகச் செய்த அலங்கார லாடங்கள். எந்தக் குதிரைக்கும் பொருந்தாதவை. மற்ற ஊர்களில் அதிர்ஷ்டம் கொட்டிவிடாதபடி வாய் மேல்நோக்கி இருக்குமாறு லாடத்தை மாட்டுவார்கள். ரட்லண்டில் வாய் கீழ்நோக்கி இருக்கும், சாத்தான் அதற்குள் குடியேறிவிடக் கூடாது என்பதற்காகவாம்!

கேள்வி: தேர்தல் மூலம் கவுன்சில் வருவதற்கு முன்பு சாலை, சுகாதாரம் போன்றவற்றை யார் கவனித்தார்கள்? (நாகர்கோவில் வாசகர்)

மக்கள் தேர்ந்தெடுக்காதவர்களும், பணம் படைத்தவர்கள் மட்டுமே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தவர்களும். நிலக்கிழார்களும் பாதிரியார்களுமாக அமைந்த கௌரவ நீதிபதிகள் காலாண்டுக்கு ஒருமுறை கூடி, வழக்குகளோடு பாலம், சிறைச்சாலை, கவுன்டி வரி ஆகியவற்றையும் முடிவு செய்தார்கள். 1834-ஆம் ஆண்டு ஏழைகள் நிவாரணச் சட்டத்துக்குப் பிறகு, ஓகத்திலும் அப்பிங்கத்திலும் நிவாரணக் குழுக்கள் ஏற்பட்டன. வரி செலுத்துவோரே இவற்றின் வாக்காளர்கள். சொத்து அதிகமிருந்தால் ஒருவரே பல வாக்குகள் போடலாம். 1870-களில் கிராமப்புறச் சுகாதாரப் பொறுப்பும் இதே குழுக்களின் தலையில் விழுந்தது. ஏழைகளுக்கு ரொட்டி வழங்கும் செலவைக் குறைப்பதற்கென்றே பழகியிருந்தவர்களிடம், சாக்கடை கட்டப் பணம் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அப்பிங்கம் நல்ல சான்று.

அப்பிங்கத்தில் 1584-இல் ராபர்ட் ஜான்சன் என்ற திருச்சபை அதிகாரி நிறுவிய பள்ளி ஒன்று உண்டு. அதே ஆண்டு ஓகத்திலும் ஒன்று தொடங்கினார். எட்வர்ட் திரிங் என்பவர் 1853-இல் தலைமையாசிரியராக வந்தபின், அப்பிங்கம் பள்ளி நாடறிந்த விடுதிப் பள்ளியாக வளர்ந்தது. ஆனால் ஊரின் கழிவுநீர் அமைப்பு அந்த வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கவில்லை. கிணற்று நீரில் கழிவு கலந்தது. 1875-இல் டைபாய்டு பரவி மாணவர்கள் இறந்தார்கள். பள்ளியை மூடி, விடுதிகளைச் சீர்செய்து, 1876 ஜனவரியில் மீண்டும் திறந்தார்கள். காய்ச்சலும் மீண்டும் வந்தது. ஊருக்குப் பொதுவான குடிநீரும் வடிகாலும் வேண்டும் என்று பள்ளி வற்புறுத்த, வரி உயரும் என்று அஞ்சிய சுகாதாரக் குழு இழுத்தடித்தது. தவறு பள்ளி விடுதிகளின் மேல்தான் என்றும் ஊரில் ஒரு சாரார் வாதாடினார்கள்.

திரிங் செய்தது யாரும் எதிர்பாராத காரியம். ஏறத்தாழ 300 மாணவர்களையும், ஆசிரியர்களையும், அவர்களின் குடும்பங்களையும், கட்டில்களையும் இரயிலில் ஏற்றி, வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடற்கரையில் உள்ள போர்த் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே ஒரு விடுதியும் அதைச் சுற்றியிருந்த வாடகை வீடுகளும் பள்ளியாயின. பள்ளியை நம்பியே பிழைத்த அப்பிங்கம் கடைக்காரர்களுக்கு அப்போதுதான் நிலைமை உறைத்தது. ஊரார் நெருக்கத் தொடங்கியதும் குடிநீர், வடிகால் பணிகள் நகர்ந்தன. ஓராண்டுக்கும் சற்று மேலாக வெளியே இருந்துவிட்டு 1877-இல் பள்ளி திரும்பியபோது ஊரே வரவேற்றது. உள்ளாட்சி அமைப்பை மக்கள் மாற்றக்கூடிய நிலை இல்லாத காலத்தில், அதை அசைப்பதற்கு ஊரைவிட்டே போகவேண்டியிருந்தது என்பதே இந்தச் செய்தியில் என்னைக் கவர்வது.

இந்த நிலையை மாற்றியவை இரண்டு சட்டங்கள். 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1889-இல் ரட்லண்ட் கவுன்டி கவுன்சில் தேர்தல் மூலம் அமைந்தது. 1894-ஆம் ஆண்டுச் சட்டம் கிராம அளவில் பாரிஷ் கவுன்சில்களையும், அவற்றுக்கு மேலே ஊரக மாவட்டக் கவுன்சில்களையும் ஏற்படுத்தியதோடு, நிவாரணக் குழுத் தேர்தலில் சொத்துக்கேற்ற பல வாக்கு முறைக்கும் முடிவு கட்டியது.

கேள்வி: 1974-இல் ஏன் ஒழித்தார்கள்? மக்கள் எதிர்க்கவில்லையா? (சேலம் வாசகர்)

எதிர்த்தார்கள், ஒருமுறை வென்றும் இருக்கிறார்கள். 1950-களின் இறுதியில் அமைந்த உள்ளாட்சி ஆணையம், இத்தனை குறைந்த மக்கள்தொகை கொண்ட கவுன்டியால் கல்வி, சமூக நலம் போன்ற நவீனப் பணிகளைச் செய்ய இயலாது என்று கூறி, லெஸ்டர்ஷயருடன் இணைக்கப் பரிந்துரைத்தது. அப்போது ரட்லண்டின் மக்கள்தொகை 25,000-ஐக்கூட எட்டவில்லை. வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கவுன்டி முழுவதும் கிளம்பிய எதிர்ப்பைக் கண்டு 1963-இல் அரசு பின்வாங்கியது.

அடுத்த முறை அது பலிக்கவில்லை. 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதையும் ஒரே வீச்சில் மாற்றியமைத்தது. நாடு முழுக்க எல்லைக்கோடுகள் அழிந்துகொண்டிருந்த வேளையில், ஒரு சின்னக் கவுன்டியின் குரல் தனியாகக் கேட்க வழியில்லை. 1974 ஏப்ரல் 1 அன்று ரட்லண்ட் கவுன்டி கவுன்சில் மறைந்தது. லெஸ்டர்ஷயருக்குக் கீழ் ஒரு மாவட்டமாக மட்டும் ரட்லண்ட் நீடித்தது. பள்ளி, சாலை, முதியோர் நலம் ஆகியவை லெஸ்டர் நகரிலிருந்து நடந்தன. வீட்டுவசதி, குப்பை அகற்றல், கட்டட அனுமதி ஆகியவை ஓகத்தில் இருந்தன. மாவட்டம் என்ற வடிவிலாவது எல்லையும் ஒரு கவுன்சிலும் பிழைத்தது பின்னால் பெரும் உதவியாயிற்று என்பது என் கணிப்பு. 1965-இலேயே பீட்டர்பரோ பகுதியோடு இணைக்கப்பட்டுத் தனிக் கவுன்டி நிலையை இழந்திருந்த ஹன்டிங்டன்ஷயரும் அதே சட்டத்தில் மாவட்டமாகப் பிழைத்ததுதான், ஆனால் அது இன்றுவரை கேம்பிரிட்ஜ்ஷயருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அது மட்டுமே காரணம் என்றும் சொல்வதற்கில்லை.

கேள்வி: ரட்லண்டில் நீர்த்தேக்கத்துக்காகக் கிராமங்கள் மூழ்கடிக்கப்பட்டனவாமே? (ஈரோடு வாசகர்)

ஆம், கவுன்டி மறைந்த அதே ஆண்டுகளில். பீட்டர்பரோ, நார்தாம்ப்டன் போன்ற வளரும் நகரங்களின் தாகத்துக்காக, 1970-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிச் சட்டத்தின்படி, குவாஷ் என்ற சிற்றாற்றின் குறுக்கே எம்பிங்கத்தில் அணை கட்டினார்கள். குவாஷ் ஆற்றின் நீர் அதற்குப் போதாது. வெல்லண்ட், நீன் ஆகிய ஆறுகளிலிருந்து நீரை இறைத்துக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். நீர்ப்பரப்பு ஏறத்தாழ 1,260 ஹெக்டேர், அதாவது கவுன்டியின் நிலத்தில் நூற்றுக்கு மூன்று பங்குக்கும் மேல். நெதர் ஹாம்பிள்டன் முழுவதும், மிடில் ஹாம்பிள்டனில் பெரும்பகுதியும் நீருக்குள் போயின. மேட்டில் இருந்த அப்பர் ஹாம்பிள்டன் மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த தீபகற்பமாக நிற்கிறது. நார்மன்டன் தேவாலயத்தின் கீழ்ப்பாதியைக் கல்லும் கான்கிரீட்டும் கொட்டி நிரப்பி, புதிய தரை அமைத்து, கரையிட்டுக் காப்பாற்றினார்கள்; இன்று அது நீருக்குள் பாதி இறங்கி நிற்பதுபோல் தோன்றும்.

திட்டத்தின் ஏடுகளில் இதற்கு எம்பிங்கம் நீர்த்தேக்கம் என்றுதான் பெயர். கவுன்டியின் பெயரே நிலப்படத்திலிருந்து போகிறதே என்று உள்ளூர்க்காரர்கள் வற்புறுத்தியதால் 'ரட்லண்ட் வாட்டர்' ஆயிற்று. 1996-இல் அங்கே விராலடிப்பான் பருந்துகளைக் கொண்டுவந்து விட்டார்கள்; 2001-இல் அவை குஞ்சு பொரித்தன. லெஸ்டர்ஷயரின் ஒரு மாவட்டமாக இருந்த காலத்தில், வெளியூர்க்காரர்களில் பலருக்கு ரட்லண்ட் என்ற பெயர் இந்த ஏரியால்தான் தெரிந்திருந்தது. நிலத்தை இழந்ததற்குக் கிடைத்த ஈடு என்று இதைச் சொன்னால், ஹாம்பிள்டனில் வீட்டை இழந்தவர்கள் ஒப்புக்கொண்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

கேள்வி: 1997-இல் திரும்பக் கிடைத்தது எப்படி? இவ்வளவு சிறிய இடத்துக்குத் தனிக் கவுன்சில் வீண் செலவு இல்லையா? (புதுச்சேரி வாசகர்)

1990-களில் ஜான் மேஜர் அரசு இரண்டடுக்கு உள்ளாட்சியை மறுபரிசீலனை செய்ய ஓர் ஆணையம் அமைத்தது. ஒரே கவுன்சில் எல்லாப் பணிகளையும் பார்க்கும் ஓரடுக்கு முறையை எங்கெங்கே கொண்டுவரலாம் என்பது அதன் ஆய்வு. உள்ளூர் மக்களின் அடையாள உணர்வையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையத்துக்குச் சொல்லப்பட்டிருந்தது. ரட்லண்டுக்கு அந்த ஒரு வாசல் போதுமானதாக இருந்தது. 1997 ஏப்ரல் 1 அன்று லெஸ்டர் நகரமும் ரட்லண்டும் லெஸ்டர்ஷயரிடமிருந்து ஒரே நாளில் பிரிந்தன. சட்டக் கண்ணோட்டத்தில் மீண்டது, கவுன்டி கவுன்சிலின் அதிகாரங்களும் சேர்ந்த ஒரு மாவட்டக் கவுன்சில். அதனால் அதன் முழுப்பெயர் 'ரட்லண்ட் கவுன்டி கவுன்சில் மாவட்டக் கவுன்சில்' என்று அமைந்தது. இப்படி ஒரு பெயரை வேறெங்கும் கண்டதாக நினைவில்லை. அஞ்சல் முகவரியில் லெஸ்டர்ஷயர் என்ற சொல்லை அகற்றி ரட்லண்டை எழுத வைப்பதற்கு மேலும் பத்தாண்டுகள் போராடி, 2007-இல்தான் வென்றார்கள்.

இன்று 27 கவுன்சிலர்கள் நான்காண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அவர்களுள் ஒருவர் தலைவராகி, சிலரைச் சேர்த்து ஒரு சிறு அமைச்சரவைபோல் நடத்துகிறார். கல்வி, முதியோர் நலம், குழந்தைகள் பாதுகாப்பு, சாலை, நூலகம், குப்பை, கட்டட அனுமதி ஆகிய அனைத்தும் ஓகத்தில் உள்ள அந்த ஒரே அலுவலகத்தில் முடிகின்றன. அரசு அனுப்பிவைக்கும் ஆட்சியர் என்று யாரும் இல்லை. தலைமை அலுவலரைக் கவுன்சிலே நியமிக்கிறது. காவலும் தீயணைப்பும் மட்டும் இன்றும் லெஸ்டர்ஷயருடன் பொதுவானவை. இதற்குக் கீழே பாரிஷ்கள் இருக்கின்றன. மிகச் சிறிய கிராமங்களில் பாரிஷ் கவுன்சில்கூடக் கிடையாது. வாக்காளர்கள் எல்லாரும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது நேரில் கூடிப் பேசும் 'பாரிஷ் கூட்டம்' என்ற ஏற்பாடுதான். பேருந்து நிழற்குடை, நடைபாதை, புல்வெளி என்று அங்கே பேசப்படுபவை சிறியவை. ஆனால் பேசுகிறவர் தம் பிரதிநிதியை அனுப்பாமல் தாமே வந்திருப்பார்.

செலவு பற்றிய தங்கள் ஐயம் சரியானது. பத்து இலட்சம் பேருக்கு ஓரடுக்குக் கவுன்சில் இருந்தாலும் 41,000 பேருக்கு இருந்தாலும், குழந்தைகள் நலத்துக்கு ஓர் இயக்குநர், முதியோர் நலத்துக்கு ஓர் இயக்குநர், நிதிக்கு ஒருவர், கவுன்சில் சட்டப்படி நடக்கிறதா என்று கண்காணிக்க ஒருவர் என்று சட்டம் கேட்கும் பதவிகள் குறைவதில்லை. பொதுச் சுகாதார இயக்குநர் போன்ற சிலரை லெஸ்டர்ஷயருடன் பங்கிட்டுக்கொண்டு சமாளிக்கிறார்கள். இன்னொரு சிக்கல் எண்ணிக்கை சார்ந்தது: சிறப்புக் காப்பகத்தில் வைத்துப் பராமரிக்க வேண்டிய ஒரு குழந்தைக்கு ஆண்டுச் செலவு ஓர் இலட்சம் பவுண்டையும் தாண்டலாம், அப்படி மூன்று குழந்தைகள் கூடுதலாக வந்தால் பெரிய கவுன்சிலின் கணக்கில் தெரியாது, ரட்லண்டின் கணக்கு ஆடிப்போகும். மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வசதியான பகுதி என்ற கணக்கில் மத்திய அரசின் மானியம் குறைவு. ஆகவே சுமை வீட்டுக்காரர்கள் கட்டும் கவுன்சில் வரியில் இறங்குகிறது; இங்கிலாந்தில் இந்த வரி மிக அதிகமாக உள்ள இடங்களில் ரட்லண்டும் ஒன்று.

எனவே தனிக் கவுன்சில் மலிவானது என்று யாரும் வாதாட முடியாது. 1997-இல் ஆதரித்தவர்களில் சிலர் அப்படி வாதாடியது சரியாகப் படவில்லை. ஓகத்தில் ஒரு கவுன்சிலரைக் கடைத்தெருவிலேயே மடக்கிக் கேள்வி கேட்க முடிகிறது என்பதற்காக மக்கள் கொடுக்கும் விலை அது, தெரிந்தே கொடுக்கிறார்கள்.

கேள்வி: ரட்லண்டுக்கெனத் தனி நாடாளுமன்ற உறுப்பினர் உண்டா? (கோயம்புத்தூர் வாசகர்)

இப்போது இல்லை. ஒரு காலத்தில் இருவர் இருந்தனர், 1885-இல் ஒருவரானார், 1918-இல் பக்கத்து ஸ்டாம்ஃபோர்ட் நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். இடையில் லெஸ்டர்ஷயரின் மெல்டன் பகுதியோடு சில பத்தாண்டுகள் இருந்துவிட்டு, 2024 தேர்தலிலிருந்து மீண்டும் 'ரட்லண்டும் ஸ்டாம்ஃபோர்டும்' என்ற தொகுதியில் இருக்கிறது.

கேள்வி: புதிய சீரமைப்பில் ரட்லண்ட் இரண்டாம் முறை மறையுமா? (சென்னை வாசகர்)

அச்சம் ஆதாரமற்றதல்ல. 2024 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, எஞ்சியுள்ள இரண்டடுக்குப் பகுதிகளை எல்லாம் ஓரடுக்காக்குவதோடு, புதிய கவுன்சில்கள் பொதுவாக 5 இலட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்டவையாக இருக்கவேண்டும் என்றது. ரட்லண்ட் அதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஏற்கெனவே ஓரடுக்கில் இருந்தாலும், இவ்வளவு சிறிய கவுன்சில்களும் மறுபரிசீலனைக்கு உட்பட்டன. 2025 மார்ச்சில் லெஸ்டர்ஷயரின் மாவட்டக் கவுன்சில்களும் ரட்லண்டும் சேர்ந்து முன்வைத்த வரைபடத்தில், லெஸ்டர் நகரம் தனியாகவும், மீதி வடக்கு, தெற்கு என்று இரண்டாகவும் பிரிந்து, ரட்லண்ட் வடக்குப் பகுதியோடு சேர்ந்திருந்தது. அதாவது இம்முறை இணைப்பு யோசனையில் ரட்லண்டின் சொந்தக் கவுன்சிலே கையொப்பமிட்டிருந்தது. 1963-இல் நினைத்தும் பார்த்திருக்க முடியாத நிலை இது. மேலே சொன்ன பணக்கணக்குதான் அதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

ஆனால் 1974-க்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று கவுன்சிலோடு கவுன்டியும் போயிற்று. மன்னரின் பிரதிநிதியான லார்டு லெஃப்டினன்ட் பதவியும், உயர் ஷெரீஃப் பதவியும் லெஸ்டர்ஷயருக்குள் கரைந்தன. இன்று லெஃப்டினன்ட் பதவிக்குரிய கவுன்டிகளை, அதாவது சடங்குநிலைக் கவுன்டிகளை, 1997-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று பட்டியலிடுகிறது, ரட்லண்டும் அதில் தனியே இடம்பெறுகிறது. கவுன்சில் எல்லை மாறினாலும், அந்தப் பட்டியலைத் திருத்தாதவரை ரட்லண்டின் லெஃப்டினன்ட்டும் ஷெரீஃப்பும் தொடர்வார்கள். ஓகம் அலுவலகத்தில் முதியோர் நலப் பணியாளரும் கட்டட அனுமதி தரும் அலுவலரும் தொடர்வார்களா என்பதை எந்தப் பட்டியலும் உறுதி செய்யவில்லை. அங்குள்ள மக்கள் தங்கள் கவுன்சிலர்களிடம் இப்போது கேட்கவேண்டியது அதைத்தான்.